நாலாவது நடனக்காரி

பாலைவனத்தின் நடுவே ஓர் அமெரிக்கச் சூதாட்ட நகரம். அங்கே ஓர் ஆவணக் காப்பகம். மூடிப்போன கேசினோக்களின் சீட்டுக்கட்டு, மெனு அட்டை, நடனக்காரிகளின் இறகுக் கிரீடம், எல்லாம் கடைசியில் அங்கேதான் வந்து சேரும். வந்தவர்கள் மறுநாளே எல்லாவற்றையும் மறந்துவிட்டுப் போகிற ஊர் அது. அதனால் காப்பகத்துக்கு வேலை அதிகம்.

தலைமைக் காப்பாளர் இன்பவல்லி. காரைக்கால்காரர், வயது நாற்பத்தொன்று. அவரிடம் வேலை பழக வந்த அருமைநாயகத்துக்கு அறுபத்து மூன்று. திருநெல்வேலிப் பக்கம் முப்பது வருடம் சார்பதிவாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மகள் வீட்டில் சும்மா உட்கார முடியாமல் இங்கே வந்து ஒட்டிக்கொண்டார். குரு சிஷ்யரை ஐயா என்பார், சிஷ்யர் குருவை அம்மா என்பார்.

ஒரு திங்கட்கிழமை ஒரு செருப்புப் பெட்டி வந்தது. ரோசா என்ற ஒப்பனைக்காரி இறந்துபோக, அவள் வீட்டைக் காலி செய்தவர்கள் அனுப்பியிருந்தார்கள். உள்ளே இருபத்திரண்டு புகைப்படங்கள் கவிழ்த்து அடுக்கப்பட்டிருந்தன. ஒரே நடனக் குழுவின் பெண்கள், படத்துக்கு ஒருத்தி. ஒரே உயரம், ஒரே இறகு, ஒரே சிரிப்பு.

"ஒவ்வொண்ணா உறையில போட்டு வைங்க ஐயா. வேற ஒண்ணும் செய்ய வேண்டாம்" என்று சொல்லிவிட்டு இன்பவல்லி ஒரு கூட்டத்துக்குப் போனார்.

வேறொன்றும் செய்யாமல் இருக்க அருமைநாயகத்துக்குத் தெரியாது. பெட்டிக்குள் எப்போதோ சிவப்பு ஒப்பனைச் சாயம் கொட்டி, படங்களின் முதுகில் இறங்கியிருந்தது. அவருக்குப் பொறுக்கவில்லை. பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து, அழுக்கு அதிகமாக இருந்ததிலிருந்து துடைக்க ஆரம்பித்தார். ஒன்பதாவது படத்தோடு ஸ்பிரிட் தீர்ந்தது. பிறகு இருபத்திரண்டையும் கிரீடத்தின் உயரப்படி, சின்னதிலிருந்து பெரியது வரை அடுக்கினார். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

இன்பவல்லி ஒரு கடிதத்தோடு திரும்பி வந்தார்.

"மார்த்தான்னு ஒரு அம்மா வியாழக்கிழமை வர்றாங்க. பிறந்த அன்னைக்கே தத்துக் கொடுத்துட்டாங்களாம். பெத்தவங்க பேரு லெனோர், இந்தக் குழுவுல ஆடுனவங்க. பேரு மட்டும்தான் தெரியும், முகத்தைப் பார்த்ததே இல்லையாம். நாலாவது படத்தை எடுங்க."

"நாலாவதுதான்னு எப்படிம்மா தெரியும்?"

இன்பவல்லி பெட்டியின் மூடியைத் திருப்பிக் காட்டினார். உள்பக்கம் ரோசாவின் கையெழுத்தில் இருபத்திரண்டு பெயர்கள். நாலாவது, லெனோர். அடியில் ஒரு வரி: 'மேலிருந்து கீழே, படங்களும் இதே வரிசை.'

முப்பது வருடம் பத்திரத்தின் மறுபக்கத்தைத் திருப்பிப் பார்க்காமல் கையெழுத்துப் போடாத மனிதர் அவர். ஒரு செருப்புப் பெட்டியின் மூடியைத் திருப்பிப் பார்க்கத் தோன்றவில்லை.

"நான் மாத்தி அடுக்கிட்டேம்மா."

இன்பவல்லி திட்டவில்லை. எல்லாப் படங்களையும் மேசையில் கவிழ்த்துப் பரப்பினார்.

"முகத்தைப் பார்க்காதீங்க, முதுகைப் பாருங்க."

சாயம் மேலே இருந்து கொட்டியிருக்கிறது. மேல் படத்தில் பெரிய கறை, அடுத்ததில் கொஞ்சம் சின்னது, கடைசிப் படத்தில் மிளகளவு. கறையின் அளவைப் பார்த்து அடுக்கினால் பழைய வரிசை வந்துவிடும். பதின்மூன்று படங்கள் மளமளவென்று இடத்தில் போய் உட்கார்ந்தன. பத்திலிருந்து இருபத்திரண்டு வரை.

மீதி ஒன்பதின் முதுகும் பளிச்சென்று இருந்தது.

"எதை முதல்ல துடைச்சீங்க?"

"ரொம்ப அழுக்கா கெடந்ததை" என்றார் அருமைநாயகம்.

இரண்டு நாள் அவருக்குச் சோறு இறங்கவில்லை. குரு ஏன் ஒரு வார்த்தை திட்டவில்லை என்பதும் விளங்கவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

வியாழக்கிழமை காலை, ஒன்பதில் ஒரு படத்தைக் கொண்டுவந்து நீட்டினார்.

"அம்மா, இந்தப் பொண்ணுக்கு நாடியில குழி இருக்கு. கடிதத்தோட வந்த போட்டோவுல மார்த்தாம்மாவுக்கும் இருக்கு. இதையே கொடுத்திருவோம். அவங்க சந்தோஷமாப் போவாங்க. யாருக்கு என்ன நஷ்டம்?"

இன்பவல்லி படத்தைக் கவிழ்த்து வைத்து, பென்சிலை அவர் கையில் கொடுத்தார்.

"லெனோர்னு பின்னால எழுதுங்க ஐயா. உங்க கையெழுத்துல."

அருமைநாயகம் பென்சிலை வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார். வாசலில் மணி அடித்தது.

மார்த்தாவுக்கு ஐம்பத்தெட்டு வயது இருக்கும். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள், சீருடையோடே வந்திருந்தாள். அருமைநாயகம் நடந்ததைத் தன் வாயாலேயே சொன்னார்.

"உங்களை யார் துடைக்கச் சொன்னது?"

"யாரும் சொல்லலை."

அவள் ஒரு படத்தை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள்.

"இவளா?"

"தெரியாது."

"இவள்?"

"தெரியாது."

ஆறாவதாக நாடியில் குழி உள்ள படம் வந்தது. அதை அவள் நெடுநேரம் பார்த்தாள். ஜன்னல் கண்ணாடியில் தெரிந்த தன் முகத்தையும் ஒருமுறை பார்த்தாள்.

"இவள்தானே? சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் நான் நம்புவேன்."

அருமைநாயகம் குருவைப் பார்த்தார். குரு மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"தெரியாது" என்றார் அருமைநாயகம். சொல்லும்போது அழுகை வந்துவிட்டது. மீதி மூன்று படங்களுக்கும் அதையே சொன்னார்.

மார்த்தா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஒன்பதுக்கும் நகல் கொடுங்கள். மூடியில் இருக்கிற எல்லாப் பெயரும் வேண்டும். அதில் யாராவது உயிரோடு இருந்தால், என் அம்மா யாரென்று காட்டுவார்கள்." வாங்கிக்கொண்டு போனாள். நன்றி சொல்லவில்லை.

அருமைநாயகம் பையை எடுத்துத் தோளில் மாட்டினார்.

"நான் இனிமே வரலைம்மா."

"அந்தப் பஞ்சு எங்கே?" என்றார் இன்பவல்லி.

அவருக்குப் புரியவில்லை. மேசை இழுப்பறையைத் திறந்தார். பாதிப் பஞ்சு வெள்ளையாக இருந்ததால் வீணாக்க மனமில்லாமல் காகிதத்தில் மடித்து வைத்திருந்தார். மீதிப் பாதி நல்ல சிவப்பு.

இன்பவல்லி அதை ஓர் உறையில் போட்டார். செருப்புப் பெட்டியின் எண்ணை உறைமேல் எழுதினார். பென்சிலை அவரிடம் நீட்டினார்.

"துடைச்சவர் பேரும் தேதியும் எழுதுங்க."

இந்த முறை கை நிற்கவில்லை. அருமைநாயகம் தன் முழுப் பெயரையும் எழுதினார், திங்கட்கிழமைத் தேதியையும் போட்டார்.

"குப்பையில போட வேண்டியதும்மா இது. இதைப் போய் எதுக்குப் பெட்டிக்குள்ள?"

இன்பவல்லி மூடியைத் திருப்பி, பெயர்கள் உள்பக்கம் இருக்கும்படி மூடினார்.

"நாலாவது ஆளோட சிவப்பு இதுலதானே ஐயா இருக்கு."