ஈயக்குண்டும் உருளையின் வாயும்

பல் டாக்டர் மாசிலாமணி தன் கிளினிக் கதவில் 'டாக்டர் ஊரில் இல்லை' என்று எழுதி மாட்டிவிட்டு ஊருக்குள்ளேயேதான் சுற்றிக்கொண்டிருந்தார். ஏற்காட்டில் எங்கே போய் ஒளிவது? கடைத்தெருவில் யாராவது கன்னத்தைப் பிடித்துக்கொண்டு எதிரே வந்தால் சட்டென்று சந்துக்குள் நுழைந்துவிடுவார்.

எல்லாம் ஒரு ரிவால்வரால் வந்த வினை. நாற்பது வயதுக்கு மேல் அவருக்குப் பிடித்த பைத்தியம் அது. எங்கள் ரைபிள் கிளப்பில் சேர்ந்து தில்லைக்கரசி டீச்சரிடம் சுடக் கற்றுக்கொண்டார். டீச்சர் அவரைவிட ரொம்ப இளையவர். ஆனாலும் சுடும் இடத்தில் டாக்டர் கைகட்டித்தான் நிற்பார்.

போன மழைக்காலத்தில் ஓர் எஸ்டேட்காரரிடமிருந்து பழைய ரிவால்வர் ஒன்றை முறைப்படி வாங்கினார். அதற்கு வேண்டிய ஈயக்குண்டுகளையும் கிளப் அனுமதியோடு தானே உருக்கி வார்த்தார். பல் கட்டிப் பழகிய கை இல்லையா, குண்டுகள் முத்து முத்தாக வந்தன. குறி அட்டையில்தான் ஒன்றும் சொன்ன இடத்தில் விழவில்லை. ஒன்று மேலே, ஒன்று கீழே, ஒன்று அட்டையிலேயே இல்லை. சுட்டு முடித்துப் பார்த்தால் குழலுக்குள் ஈயம் அப்பிக் கிடக்கும்.

அவருடைய அப்பாவுக்குக் கடைசிக் காலத்தில் கை நடுக்கம். காபி டம்ளர் வாய்க்குப் போவதற்குள் பாதி காபி சட்டையில் இருக்கும். அந்த நோய் தனக்கும் வந்துவிட்டது என்று டாக்டர் முடிவு கட்டிவிட்டார். நடுங்குகிற கையோடு இன்னொருவர் வாய்க்குள் ஊசியை விடலாமா? அதனால்தான் கிளினிக் கதவில் அந்த அறிவிப்பு, அந்தப் பூட்டு. நரம்பு டாக்டரிடம் காட்டுங்கள் என்றால் பேச்சை மாற்றிவிடுவார். ஊருக்கெல்லாம் பயப்படாதே என்று சொல்லிப் பல்லைப் பிடுங்கியவர் தன் விஷயத்தில் இப்படி. எங்களுக்குப் பாவமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது.

காபியை விட்டார். தூக்கம் தானாகவே போயிற்று. பேசிக்கொண்டிருக்கும்போதே விரல்களை நீட்டி நீட்டிப் பார்ப்பார். அப்படி உற்றுப் பார்த்தால் யார் விரல்தான் ஆடாது?

நடுவில் ஒரு நப்பாசையும் இருந்தது. குண்டு மெலிந்திருப்பதால் குழலுக்குள் ஆடுகிறதோ என்று நினைத்து, அச்சை அகலப்படுத்திக் கொஞ்சம் பருமனாக வார்த்தார். சிதறியது. இன்னும் பருமனாக வார்த்தார். அதுவும் சிதறியது. சரி, குண்டில் குறை இல்லை, குறை கையில்தான் என்று அவருக்குத் தீர்மானமாகிவிட்டது.

ஒரு சனிக்கிழமை காலை துப்பாக்கியையும் குண்டுப் பெட்டியையும் கொண்டுவந்து டீச்சர் முன்னால் வைத்தார். லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்துவிடப் போவதாகவும், கிளினிக்கை யாருக்காவது கைமாற்றிவிடப் போவதாகவும் சொன்னார். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது.

"டீச்சர், மறைக்காம சொல்லுங்க. என் கை போயிடுச்சா?"

டீச்சர் ரிவால்வரைத் திறந்து காலியாக இருப்பதைப் பார்த்துக்கொண்டு, ஆறு குண்டுகள் போடும் உருளையைத் தனியே கழற்றினார். பெட்டியிலிருந்து ஒரு குண்டை எடுத்துக் குழலின் நுனியில் வைத்து அழுத்தினார். அது உள்ளே போகாமல் விளிம்பிலேயே நின்றது. குழலைவிடப் பெரிதாகத்தான் வார்த்திருக்கிறேன் என்று டாக்டர் முணுமுணுத்தார்.

அதே குண்டை டீச்சர் உருளையின் அறை ஒன்றில் பின்பக்கமாகப் போட்டார். மரக்குச்சியை வைத்து மெல்லத் தட்டி முன்பக்க வாய் வழியாக வெளியே தள்ளினார். உள்ளங்கையில் விழுந்த குண்டின் இடுப்பு சுற்றிலும் வழித்தெடுத்ததுபோல் பளபளத்தது. அதை மறுபடியும் குழலின் நுனியில் வைத்துச் சுண்டுவிரலால் தள்ளினார். இந்தத் தடவை குண்டு தடையில்லாமல் வழுக்கிக்கொண்டு இறங்கி மறுபக்கம் மேஜையில் உருண்டது.

டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

டீச்சர் ஆறு அறைகளிலும் ஒவ்வொரு குண்டாகத் தள்ளிக் காட்டினார். ஆறு வாயும் குழலைவிடக் குறுகல். அதிலும் ஒன்றைப் போல் ஒன்று இல்லை.

"நீங்க எவ்வளவு கொழுக்க வார்த்தாலும் இந்த வாசல்ல இளைச்சுத்தான் டாக்டர் குழலுக்குள்ள போகுது, அப்புறம் ஆடாம என்ன பண்ணும்" என்றார்.

அவ்வளவுதான், மனுஷர் துள்ளி எழுந்துவிட்டார். என் கைக்கு ஒன்றுமில்லை, எல்லாம் இந்தப் பாழாய்ப்போன உருளை செய்த வேலை என்று ஒவ்வொருவரிடமும் போய்ச் சொன்னார். எல்லோருக்கும் போண்டா வரவழைத்தார். விட்ட காபியை அன்றைக்கே பிடித்துக்கொண்டார். டீச்சர் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. போண்டாவை மட்டும் வாங்கிக்கொண்டார்.

துப்பாக்கி சேலத்தில் லைசென்ஸ் உள்ள ஒரு பழுதுபார்க்கும் கடைக்குப் போயிற்று. உருளையின் ஆறு வாயையும் ஒரே அளவாக, குழலைவிட ஒரு மயிரிழை பெரிதாகத் திறக்க வேண்டும், குண்டின் அச்சும் அந்த வாய்க்குப் பொருந்த வேண்டும் என்று டீச்சர் சொல்லி அனுப்பியிருந்தார். டாக்டருக்கு இருப்புக்கொள்ளவில்லை. காலையிலும் மாலையிலும் போன் போட்டுக் கடைக்காரரின் உயிரை எடுத்தார். சரி, கிளினிக்கையாவது திறக்கலாமே என்று நாங்கள் கேட்டதற்கு, துப்பாக்கி வந்து ஒருமுறை சுட்டுப் பார்த்துவிடுகிறேன் என்றார். துள்ளலெல்லாம் வெளியேதான், உள்ளே பயம் போகவில்லை என்று எங்களுக்குப் புரிந்தது.

துப்பாக்கி வந்தது. டாக்டர் புதிதாக வார்த்த குண்டுகளோடு வந்து நின்றார். டீச்சர் பின்னால் நின்றார். வேடிக்கை பார்க்க நாங்களும் கூடிவிட்டோம்.

முதல் குண்டு நடுவில் விழுந்தது. இரண்டாவது அதை ஒட்டி. மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது எல்லாம் ஓர் உள்ளங்கைக்குள் அடங்கின. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டீச்சர் பார்க்கிறாரா என்று தலையைத் திருப்பிக்கொண்டே ஆறாவதையும் அழுத்திவிட்டார். அது அட்டையின் மூலைக்குப் போய்விட்டது.

 டாக்டர் ரிவால்வரை மேஜையில் வைத்துவிட்டுச் சொன்னார்.

"அந்த ஆறாவது அறையை அவன் சரியாப் பண்ணல டீச்சர். திருப்பி அனுப்பணும்."

டீச்சர் ரிவால்வரை எடுத்தார். கடைசியாக வெடித்த அதே அறையில் மட்டும் ஒரு குண்டு போட்டு, அதே அட்டையில் சுட்டார். அது அந்த ஐந்தின் நடுவில் போய் உட்கார்ந்துகொண்டது. துப்பாக்கியைத் துடைத்து அவரிடமே நீட்டினார்.

டாக்டர் அதை வாங்கவில்லை. அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஈயாடவில்லை. வலது கையை மெதுவாக இடது கையால் பிடித்துக்கொண்டார். 

"அப்போ அது என் கைதானா டீச்சர்?"

"உங்க கைதான்."

அவர் பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டார். டீச்சர் அட்டையைக் கழற்றிக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தார்.

"அந்த ஒண்ணு மட்டும் உங்களோடது டாக்டர், திரும்பிப் பார்த்துக்கிட்டே சுட்டது. நீங்க அன்னைக்கு உருளையோட தப்பையும் சேர்த்து ஆறையும் தலையில போட்டுக்கிட்டுல்ல வந்தீங்க."