ராஜா சுமந்த சுள்ளிக்கட்டு

பனிச்சோலை என்று ஒரு மலைநாடு. குளிர் என்றால் அப்படி இப்படிக் குளிர் இல்லை. பேச வாயைத் திறந்தால் பல்தான் முதலில் பேசும்.

அந்த நாட்டு ராஜா செங்குடையாருக்குப் புது மண்டபம் கட்ட ஆசை வந்தது. காட்டில் பெரிய பெரிய மரமாகச் சாய்த்தார்கள். அடிமரம் அரண்மனைக்குப் போயிற்று. மிஞ்சிய கொம்பும் கிளையும் சுள்ளியும் அங்கேயே கிடந்தன. சனங்கள் அள்ளிக்கொண்டு போய்க் குளிர்காய்ந்தார்கள். அதைக் கண்டு வனமந்திரி கார்வண்ணருக்கு வயிறு எரிந்தது. "இன்றைக்குச் சுள்ளி, நாளைக்கு மரம், மகாராஜா!" என்று ஓதினார்.

ராஜாவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "சுள்ளியும் என்னுடையதுதான்! என் கையைத் தவிர வேறு எந்தக் கை பட்டாலும் அந்தக் கை இருக்காது!" என்று சபையில் கர்ஜித்தார். அடேயப்பா, என்ன வீரம்! அதுவும் மக்கிப்போகிற சுள்ளிக்கு.

மறுநாளே சடையன் என்பவன் அகப்பட்டான். அவன் மனைவி பூவாத்தா பிள்ளை பெற்றுக் கிடந்தாள். கணப்பு மூட்ட ஒரு கட்டுச் சுள்ளி எடுத்துவிட்டான், பாவி மனுஷன். கையை வெட்டச் சொல்லி உத்தரவாயிற்று.

சபையில் தத்தன் என்றொரு கெட்டிக்காரப் புலவன் இருந்தான். அவனுக்கு நெஞ்சு பதறியது. ஆனால் சட்டம் தப்பு என்று சொன்னால் சடையனின் கையோடு தன் தலையும் போய்விடும். அதனால் வாயெல்லாம் பல்லாகச் சிரித்தான்.

"அருமையான சட்டம், மகாராஜா! திருடன் வீட்டையும் ஒரு நடை நேரில் பார்த்துவிட்டுத் தண்டித்தால் ஊரே மெச்சும்."

மெச்சும் என்றதும் ராஜா கிளம்பிவிட்டார். கூடவே மந்திரி, தத்தன், காவலன், கட்டிய கையோடு சடையன். வழியில் சாரல் பிடித்துக்கொண்டது. குடிசைக்குள் நுழையும்போது ராஜா வெடவெடவென்று நடுங்கினார். பூவாத்தா குழந்தையைப் பழம்புடவையில் சுற்றி மார்போடு அணைத்திருந்தாள்.

"கணப்பை மூட்டம்மா, உயிர் போகிறது!"

"எதை வச்சு மூட்டறது சாமி? அதோ, பாறையடியில சுள்ளி நனையாம மலையாட்டம் கெடக்கு. எல்லாம் உங்களுது."

ராஜா காவலனைப் பார்த்தார். அவன் கைகளைக் கக்கத்தில் செருகிக்கொண்டான். "நான் பிள்ளைகுட்டிக்காரன், மகாராஜா!" மந்திரியைப் பார்த்தார். அவர் கைகளை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு கூரையை ஆராய்ந்தார். தத்தனைப் பார்த்தார். "உங்களைப் பாடி எழுதுகிற கை, மகாராஜா. போனால் உங்களுக்குத்தான் நஷ்டம்."

குழந்தை ஈனக்குரலில் அழுதது. ராஜாவுக்குப் பொறுக்கவில்லை. கிரீடத்தைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே போனார். ஒரு கட்டுச் சுள்ளியைத் தலையில் சுமந்து வந்தார். தானே அடுக்கி, தானே ஊதி, புகையில் கண் கலங்கி, இருமி, ஒருவழியாக மூட்டினார். குழந்தை அழுகையை நிறுத்தியது. "அப்பாடா!" என்று உட்காரப் போனார்.

தத்தன் கைகூப்பினான். "உட்காராதீர்கள், மகாராஜா."

"ஏன்?"

"பக்கத்து வீட்டிலும் அடுப்பு அணைந்து கிடக்கிறது. அதற்கடுத்த வீட்டிலும்தான். மலை முழுக்க உங்கள் ஒரு கையைத்தான் நம்பியிருக்கிறது. மழை வலுப்பதற்குள் கிளம்பினால் நல்லது."

ராஜா தன் கையைப் பார்த்தார். சிராய் ஏறிச் சிவந்திருந்தது. வெட்கம் ஒரு பக்கம், சிரிப்பு ஒரு பக்கம். கடைசியில் சிரிப்புத்தான் ஜெயித்தது. குடிசை அதிரச் சிரித்தார்.

"சடையனை அவிழ்த்து விடுங்கள்! சுள்ளி இனிமேல் சனங்களுடையது! தத்தா, உனக்கு என் சால்வை!" என்றார். பிறகு மந்திரி பக்கம் திரும்பினார்.

"கார்வண்ணரே, முதுகுக்குப் பின்னால் இருக்கிற கையை வெளியே எடும். பக்கத்து வீட்டுக் கட்டு உம்முடையது."