கழுவாத பாட்டில்

தண்ணீரில் ஒளிந்திருக்கும் விஷத்தைக் கண்டுபிடிப்பதில் மெஹருன்னிஸா மேடத்தை மிஞ்ச ஆள் கிடையாது. அவருடைய ஆய்வுக்கூடத்தில் தொழில் கற்க வந்த தணிகைவேலுக்கோ முப்பதைத் தாண்டியும் அவசரம் போகவில்லை.

செம்மணூர்க் கிணற்றுத் தண்ணீர் ஒரு கண்ணாடிப் பாட்டிலில் வந்திருந்தது. பக்கத்தில் பழைய பூச்சிமருந்துக் கிடங்கு இருந்ததால், அந்தக் கிணற்றைப் போன வருஷமே மூடி வைத்திருந்தார்கள்.

தணிகைவேல் தண்ணீரை மூடியுள்ள கண்ணாடிப் புனலில் ஊற்றினான். விஷத்தைப் பிரித்து இழுக்கும் கரைப்பானைச் சேர்த்துக் குலுக்கினான். அடியில் தங்கிய கரைப்பானை வடித்து, விஷம் இருந்தால் கோட்டை எழுப்பிக் காட்டும் கருவியில் விட்டான். திரையில் கோடு அசையாமல் படுத்துக் கிடந்தது.

அவனுக்கு ஒரே சந்தோஷம். மேடத்திடம்கூடக் காட்டாமல் ஊராட்சித் தலைவி செண்பகவல்லிக்குப் போன் போட்டான்.

"தண்ணி சுத்தமா இருக்கும்மா. தாராளமா குடிங்க."

"நல்ல வார்த்தை சொன்னீங்க தம்பி. இப்பவே திறந்துடறோம்."

மேடம் வந்தார். திரையைப் பார்த்தார்.

"பாட்டில் எங்க?"

"காலி மேடம். கழுவ வச்சிருக்கேன்."

"கொண்டாங்க."

காலிப் பாட்டிலில் கொஞ்சம் கரைப்பானை விட்டு, உள்சுவர் முழுக்க நனையும்படி உருட்டினார் மேடம்.

"இதையும் கருவியில விடுங்க."

"அதுல தண்ணியே இல்லையே மேடம்."

"விடுங்க."

மனசுக்குள் சிரித்துக்கொண்டே விட்டான். கொஞ்ச நேரத்தில் திரையில் கோடு பனைமரம் மாதிரி எழுந்து நின்றது. பூச்சிமருந்து.

"தண்ணியில இல்லையே மேடம். இது எப்படி?"

"இந்த மருந்துக்கும் தண்ணிக்கும் ஆகாது. பக்கத்துல ஒட்டிக்க எது கிடைக்குதோ, அதுல ஏறி உட்கார்ந்துக்கும். இங்க கண்ணாடி கிடைச்சுது."

தணிகைவேல் மறுபடி போன் போட்டான்.

"கிணத்தை மூடுங்கம்மா. நான் சொன்னது தப்பு. தண்ணியில விஷம் இருக்கு."



"மூடிடறோம் தம்பி. ஆனா போன வருஷம் வரைக்கும் ஊரே இதைத்தானே குடிச்சுது?"

போனைக் கையால் பொத்திக்கொண்டு மேடத்தைப் பார்த்தான்.

"இத்தனை வருஷம் குடிச்சவங்க உடம்புல ஒட்டினது? அதை எடுத்துட முடியும்ல மேடம்?"

மேடம் பாட்டிலை அவன் கையில் கொடுத்தார்.

"பாட்டில்னா கழுவிடலாம், தணிகை."