எலிகளுக்குப் போன அரச ஓலை

முன்னொரு காலத்தில், எலிகளுக்குப் பயந்து பூனைகள் மரத்தில் குடியிருந்த ஒரு நாட்டில், மகாராஜா எண்ணெய் தேய்த்துக் குளித்துக்கொண்டிருந்தார். கன்றுக்குட்டி பருமனில் ஓர் எலி, குளித்த நீர் வெளியே போகும் சலதாரை வழியாக ஏறி வந்தது. ராஜாவின் பாதத்தில் சாவகாசமாக நின்று மீசையைத் துடைத்துக்கொண்டு, வந்த வழியே இறங்கிப் போயிற்று. அவர் போட்ட கூச்சலில் கோபுரத்துப் புறாக்கள் அடுத்த நாட்டுக்கே குடிபோய்விட்டன.

ஈரத்தலையோடு சபைக்கு வந்தார். "எலிகள் மூன்று நாளில் அரண்மனையைக் காலி செய்யவேண்டும். ஓலை எழுதுங்கள்! நம் உத்தரவு எலிக்கு மட்டும் செல்லாதோ?"

எழுதி முத்திரையும் வைத்தாயிற்று. யார் கொண்டுபோய்க் கொடுப்பது? விகடகவி அம்பலக்கூத்தனைக் கண்டாலே வயிறு எரியும் அமைச்சர் சூரப்பராயர் எழுந்தார்.

"கூத்தனை விட்டால் ஆளேது, மகாராஜா? எலிகள் ஓலையைப் பெற்றுக்கொள்வதைத் தாங்கள் கண்ணால் காணவேண்டும். தவறினால் இவனை நாடு கடத்திவிடலாம்."

"அப்படியே ஆகட்டும்."

கூத்தன் கண்கூட இமைக்கவில்லை. எப்பேர்ப்பட்ட ஆள்! "உத்தரவு, மகாராஜா. ஒரு துண்டு கருவாடும் பெரிய நூல்கண்டும் வேண்டும்."

"தூதருக்குக் கட்டுச்சோறா?" என்று கெக்கலித்தார் ராயர்.

"எனக்கில்லை ஐயா, ஓலை வாங்குகிறவர்களுக்கு."

கருவாட்டையும் ஓலையையும் சேர்த்து நூலில் கட்டி, நூல்கண்டை ராஜாவின் கையில் கொடுத்துவிட்டு, குளியலறைச் சலதாரைக்குள் இறக்கினான். வெடுக்கென்று இழுத்தது பார், ராஜாவின் கையிலிருந்த நூல்கண்டு பம்பரமாகச் சுழன்றது!

"பெற்றுக்கொண்டார்கள், மகாராஜா. எந்த வீட்டுக்குக் கொண்டுபோகிறார்கள் என்றும் பார்த்துவிடலாமே?"

நூல் போன வழியே சேவகர்கள் சலதாரையை மூடிய கற்களைப் புரட்டிக்கொண்டே போனார்கள். பின்னால் ராஜா, அவருக்குப் பின்னால் ஊரே திரண்டது. நூல் நாலு தெருவைக் கடந்து சூரப்பராயர் வீட்டுக் கொல்லைக்குள் நுழைந்தது. அங்கே சமையலறைக் கழிவு விழும் குழியில், தினமும் கொட்டிய நெய்ச்சோறு மலையாகக் கிடந்தது. அதைச் சுற்றிப் பந்தி உட்கார்ந்ததுபோல் ஏழாயிரத்து நானூறு எலிகள்!

"இங்கே விருந்து, அங்கே உலாவல்," என்றான் கூத்தன். "இந்தச் சோற்றை நிறுத்தி, அரண்மனைச் சலதாரை வாயில் துளைபோட்ட கல்லைப் பதித்தால் தங்கள் உத்தரவு நிறைவேறிவிடும்."

அப்படியே செய்ததில் மூன்றாம் நாள் அரண்மனையில் ஓர் எலிவால்கூட இல்லை என்பதை இங்கேயே சொல்லிவிடலாம்.

"ராயரே, என் ஓலையை எடும்," என்றார் ராஜா. ராயர் கையை முழங்கைவரை குழிக்குள் விட்டுத் துழாவி எடுத்தார். ராஜா தம் முத்துமாலையைக் கழற்றினார். "இதை உம் கையாலேயே கூத்தனுக்குப் போடும்."

கூத்தன் நாலடி பின்னால் குதித்தான். "ஐயையோ மகாராஜா, நாடு கடத்தினாலும் சம்மதம்! அந்தக் கையாலா?"

கடைசியில் ராஜாவே மாலையைப் போட்டார். சிரித்த சிரிப்பில், அது கூத்தன் கழுத்தில் விழுவதற்குள் ஏழு தடவை குறி தப்பிற்று.