நாவல் மரத்துப் பாலம்

ஓடைக்கரை மாமரத்தில் முசுறுகள் வாழ்ந்தன. முசுறு தெரியும்தானே? சிவப்பாக, நெடுங்காலோடு, மாங்காய் பறிக்க ஏறியவரின் கழுத்தில் ஏறிக் கடிக்குமே, அந்த எறும்பு. நமக்கு அதன் கடிதான் நினைவிருக்கிறது. அதன் தையலை யாரும் பேசுவதில்லை.

பச்சை இலைகளை இழுத்துச் சேர்த்து, ஓரத்தோடு ஓரம் வைத்துத் தைத்துத்தான் முசுறு கூடு கட்டும். நூலுக்காக எங்கும் போக வேண்டாம். கூட்டில் வளரும் புழுக்குழந்தைகளின் வாயிலிருந்தே வெள்ளை நூல் வரும். பெரியவள் ஒருத்தி குழந்தையை வாயில் மெல்லக் கவ்விக்கொண்டு இந்த இலைக்கும் அந்த இலைக்குமாகப் போய் வருவாள். இலைகள் ஒட்டிக்கொள்ளும். குழந்தைகள் வராவிட்டால் நூல் இல்லை, நூல் இல்லாவிட்டால் கூடும் இல்லை. கூடு இல்லாதவர்களை முதல் மழையே ஓடையில் தள்ளிவிடும்.

இப்படிக் குழந்தை குட்டியோடு வீடு கட்டுகிறவர்களை இனியும் அது இது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் என்றே சொல்கிறேன்.

மாமரத்தில் முதலில் மூன்று கூடுகள்தான். மூன்றும் சேர்ந்து ஒரே அரசாக இருந்தன. ராணி முட்டையிடுவதோடு சரி, நிர்வாகத்தில் தலையிட மாட்டாள். நடுக்கிளையில், கூட்டுக்கு ஒன்றாக மூன்று மாவிலைகளைத் தைத்து ஒரு பாய் விரித்திருந்தார்கள். பாயில் யாருடைய இலை இருக்கிறதோ அவர்களுக்குத்தான் பேச்சுரிமை. யாருக்கு எவ்வளவு இரை, குழந்தைகள் எந்தக் கூட்டுக்குத் தைக்கப் போவது, எல்லாம் அந்தப் பாயில் உட்கார்ந்துதான் முடிவாகும். பிறகு பக்கத்துப் பலாமரமும் சேர்ந்துகொண்டது. கிளையோடு கிளை உரசுகிற மரம் என்பதால் அதில் வழக்கு ஒன்றும் வரவில்லை. பாயில் ஒரு பலா இலை ஏறியது.

அந்த நாட்களின் மாலை நேரம் மிக இனிமையானது. வெயில் சாய்ந்து மாம்பூ வாசம் இறங்கும்போது எல்லோரும் பாயைச் சுற்றிக் கூடுவார்கள். தலைவி செம்பாயி பழைய கதையைத் தொடங்குவாள். அவளுடைய உணர்கொம்புகளில் ஒன்று பாதி ஒடிந்திருக்கும். கட்டெறும்புகளிடமிருந்து மாமரம் விடுபட்ட கதை அது. எத்தனையோ முறை கேட்டதுதான். ஆனாலும் ஒருத்தியும் பாதியில் எழுந்து போனதில்லை. சொல்கிறவள் கண்ணும் கலங்கும், கேட்கிறவர் கண்ணும் கலங்கும்.

காலம் போனது. மாமரத்தில் இடம் நெருக்கடியானது. ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரு நாவல் மரம் நின்றது. அங்கே போய்ப் புதுக் கூடுகள் கட்டும்படி ஒரு கூட்டத்தை அனுப்பினார்கள். ராணி மாமரத்திலேயே இருந்ததால், தைக்கிற குழந்தைகள் அங்கிருந்துதான் வர வேண்டும். அந்தக் கூட்டத்தை நடத்திப் போனவள் காத்தாயி. சின்ன வயதில் செம்பாயியின் காலடியில் உட்கார்ந்து கதை கேட்டு வளர்ந்தவள்.

இரண்டு மரத்தின் கிளைகளுக்கும் நடுவே இடைவெளி இருந்தது, கீழே தண்ணீர். நாவல் மரத்தார் ஒருத்தி இடுப்பை ஒருத்தி பிடித்துத் தொங்கி, தங்கள் உடம்பாலேயே பாலம் போட்டார்கள். மாமரத்தார் அதன்மேல் நடந்து போய், நாவல் மரத்து மாவுப்பூச்சிகள் சொட்டும் இனிப்பைக் கொண்டுவந்தார்கள். பாலம் பிடிப்பது நாவல் மரத்தின் வேலை, கடப்பது மாமரத்தின் உரிமை என்று பாயில் முடிவாகியிருந்தது. அந்த முடிவை எடுத்தபோது நாவல் மரத்திலிருந்து ஒருத்தியும் அங்கே இல்லை.

நாவல் மரத்தைக் கவனிக்க மாமரத்திலிருந்து மாடத்தி என்ற மேற்பார்வைக்காரியும் போனாள். அங்கே தைத்து முடிந்திருந்த ஒரே கூட்டில் அவள் குடியேறினாள். நன்றாகச் சாப்பிட்டாள்.

மேற்கே மேகம் கறுக்கத் தொடங்கிய ஒருநாள், செம்பாயி தன் கூட்டத்தோடு பாலத்தைக் கடந்து நாவல் மரத்தைப் பார்க்க வந்தாள். காத்தாயி ஓடிவந்து வணங்கினாள்.

"பெரியம்மா, பாத்தீங்களா? ஒரு கூடுதான் தைச்சு முடிஞ்சிருக்கு. மத்த இடத்துல எல்லாம் இலையை இழுத்துப் பிடிச்சுக்கிட்டே நிக்கிறோம். பிடி விட்டா பிரிஞ்சிரும். மழை வர்றதுக்குள்ள குழந்தைங்களை அனுப்பி வையுங்க."

"பாயில வச்சுப் பேசுவோம்" என்றாள் செம்பாயி.

"பாயில எங்க இலை இல்லியே. எங்களுக்காக யாரு பேசுவா?"

"அதுக்குத்தான மாடத்தி இருக்கா?"

மாடத்தி ஒரு இனிப்புத் துளியை நக்கிக்கொண்டிருந்தாள். "நான் போன கூட்டத்துலயே சொன்னேனே. நாவல் மரம் நல்லா இருக்குன்னு சொன்னேன்" என்றாள்.

"நல்லா இருக்குன்னு சொன்னா குழந்தைங்களை எதுக்கு அனுப்புவாங்க அக்கா?" என்று காத்தாயி கேட்டாள். மாடத்தி மறுபடி குனிந்து நக்கினாள். துளி இன்னும் தீரவில்லை.

"எங்க இலையையும் பாயில தைச்சிருங்க பெரியம்மா. எங்க பேச்சை நாங்களே பேசிக்கிறோம்."

செம்பாயி முகம் வாடியது. அவள் கெட்டவள் இல்லை. மூன்று கூடுகளும் ஒன்றையொன்று வாசம் பிடித்தே அறிந்திருந்த நாட்களை அவள் நினைத்துக்கொண்டாள். இன்று நாவல் மரம், நாளை இன்னொரு மரம் என்று பாய் பெருகிக்கொண்டே போனால், அந்த மூன்று மாவிலைகளும் எந்த மூலையில் கிடக்கும்? அது அவளுக்குத் தாங்க முடியாத ஏக்கமாக இருந்தது.

"அவசரப்படாதே காத்தாயி. நீங்க இன்னும் வளரணும். ஆளத் தெரியணும். நேரம் வந்தா நாங்களே கூப்பிட்டு இலை தைப்போம்."

"மழை நேரம் பாத்து வருமா பெரியம்மா?"

செம்பாயி கிளம்பத் திரும்பினாள். காத்தாயி கீழே ஓடும் தண்ணீரைப் பார்த்தாள். பிறகு அமைதியாகச் சொன்னாள்:

"சரி, இலை வேண்டாம். வந்தது வந்தீங்க, பழைய கதையைச் சொல்லிட்டுப் போங்க. இங்க இருக்கிற சின்னதுங்க பல பேரு அதைக் கேட்டதே இல்ல."

செம்பாயிக்கு உள்ளம் குளிர்ந்துவிட்டது. கதை கேட்கிறேன் என்றால் அவள் எந்த மரத்திலும் உட்கார்ந்துவிடுவாள். நாவல் கிளையில் வசதியாக அமர்ந்தாள். இலைகளை இழுத்துப் பிடித்திருந்தவர்கள் பிடித்தபடியே செவி சாய்த்தார்கள். பாலத்தில் தொங்கியவர்களும் கேட்டார்கள்.

"அப்போ ஓடைக்கு இந்தாண்ட பனைமரத்துல கட்டெறும்புங்க ராஜ்ஜியம். நம்ம மாமரமும் அவங்க பிடியிலதான் இருந்துச்சு. மாம்பிசின் எடுக்க அவங்க வருவாங்க. பாலம் யாரு? நாமதான். ஒருத்தி இடுப்பை ஒருத்தி பிடிச்சுத் தொங்குவோம், அவங்க நம்ம முதுகுல மிதிச்சு நடப்பாங்க. என் கொம்பு ஒடிஞ்சது அப்பத்தான். பாலம் பிடிக்கிறவ நடக்கக் கூடாது, அது அவங்க சட்டம். அந்தச் சட்டம் போட்ட சபையில நம்ம ஆளு ஒருத்திகூட இல்ல."

பாலத்தில் தொங்கியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். செம்பாயி அதைக் கவனிக்கவில்லை. கதை அவளை இழுத்துக்கொண்டு போனது.

"நம்ம மரத்துல அவங்க ஒரு அதிகாரியை வச்சிருந்தாங்க. இருக்கிறதுல நல்ல பொந்து அவனுக்குத்தான். திம்பான், தூங்குவான். இங்க எல்லாம் நல்லா இருக்குன்னு அங்க போய்ச் சொல்லுவான்."

மாடத்தி நக்குவதை நிறுத்தினாள்.

"ஒருநாள் எங்க மூத்தவ துணிஞ்சு போய்க் கேட்டா. உங்க சபையில எங்களுக்கும் ஒரு இடம் குடுங்க, எங்க பேச்சை நாங்க பேசிக்கிறோம்னு கேட்டா. அதுக்கு அந்தத் தலைவன் என்ன சொன்னான் தெரியுமா? சிரிச்சுக்கிட்டே, அவசரப்படாதே, நீங்க இன்னும் வளரணும்..."

செம்பாயி நிறுத்திவிட்டாள்.

காற்று மட்டும் அடித்தது. தைக்காத இலைகள் படபடத்தன. அவற்றைப் பிடித்திருந்தவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்துப் பிடித்தார்கள்.

"அப்புறம் என்ன ஆச்சு?" என்று பாலத்திலிருந்து ஒரு குரல் கேட்டது.

செம்பாயியின் குரல் இறங்கிவிட்டது. "அப்புறம் ஒருநாள், அவங்க கூட்டமா நடந்து வரும்போது, நாங்க எல்லாரும் ஒரே நேரத்துல பிடியை விட்டுட்டோம்."

அவளோடு வந்தவர்கள் எல்லோரும் பாலத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். வீடு திரும்ப அவர்களுக்கு அது ஒன்றே வழி. கீழே தண்ணீர் புரண்டு ஓடியது.

காத்தாயி முன்னால் வந்தாள். "பயப்படாதீங்க பெரியம்மா. நாங்க விட மாட்டோம். கட்டெறும்பு நமக்கு அந்நியம். நீங்க எங்களைத் தூக்கி வளத்தவங்க. இந்தக் கதையை எங்களுக்குச் சொன்னதே நீங்கதான். ஆனா ஒண்ணு. நீங்க சொல்லும்போது நாங்க அழுதோம்ல, அது சும்மா அழுகை இல்ல."

செம்பாயி எழுந்தாள். மெல்ல நடந்து பாலத்தின் முனைக்குப் போனாள். அங்கே கிளையைப் பிடித்துத் தொங்கிய சின்னவள் ஒருத்தியைத் தொட்டு, "நீ ஏறி வா தாயி" என்றாள். அவளுடைய இடத்தில் தானே இறங்கினாள். ஒரு பக்கம் கிளையையும் மறுபக்கம் அடுத்தவள் இடுப்பையும் பிடித்துக்கொண்டாள். வயதான உடம்பு நடுங்கியது.

"காத்தாயி, இன்னைக்கு நான் பிடிக்கிறேன். நீ கடந்து போ. போய்ப் பாயில உட்காந்து நீயே பேசு."

"உங்க மேல நான் எப்படி நடப்பேன் பெரியம்மா?"

"நான் நடந்தேனே. சீக்கிரம் போ, மேகம் இறங்குது."

காத்தாயி நடந்தாள். பாலத்தில் அவளுக்கு ஒவ்வொரு முதுகும் தெரிந்த முதுகுதான். செம்பாயியின் முதுகைத் தாண்டும்போது மட்டும் அவள் கண்ணைக் கண்ணீர் மறைத்தது.

அன்றைக்கே பாயில் பேசி முடித்தார்கள். பேச்சு நீளவில்லை. குழந்தைகளைக் கவ்விக்கொண்டு மாமரத்தாரும் பலாமரத்தாரும் சாரை சாரையாகப் பாலத்தைக் கடந்தார்கள். முதல் துளி விழும்போது கடைசிக் கூட்டின் கடைசி ஓரத்தைத் தைத்துக்கொண்டிருந்தார்கள். பெருமழைதான். ஓடை கரை தாண்டியது. நாவல் மரத்தில் ஒருத்தியைக்கூட அது அடித்துக்கொண்டு போகவில்லை.

மழை விட்டதும் பாயில் நாவல் இலை தைக்கும் விழா நடந்தது. "புதுசா வந்தவங்கதான, ஓரமா, கொஞ்சம் கீழாப்பல தைச்சா போதாதா?" என்று மாடத்தி கேட்டாள். சில பேர் எதிலும் பாடம் கற்றுக்கொள்ள மாட்டார்கள்.

"முதல் மூணு இலை எப்படியோ அப்படித்தான் இதுவும்" என்றாள் செம்பாயி. தன் கூட்டின் இலைக்குப் பக்கத்திலேயே அதைச் சமமாக வைத்துத் தைக்கச் சொன்னாள். அன்றிலிருந்து பாலத்தை இரண்டு மரத்தாரும் முறை வைத்துப் பிடித்தார்கள்.

செம்பாயி காலமான பிறகு காத்தாயி தலைவியானாள். மாலைகளில் அவள்தான் பழைய கதையைச் சொன்னாள். செம்பாயி கதையை நிறுத்திய இடம் வரும்போதெல்லாம் அவளும் சற்று நிறுத்துவாள். அந்த ஒடிந்த கொம்பையும் இறங்கிய குரலையும் நினைத்துக்கொள்வாள். பாயில் இலைகள் காய்ந்து ஒரே நிறமாகிவிட்டன. எது மா, எது நாவல் என்று தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

ஒரு மாலை, நாவல் மரத்துக்கும் அப்பால் இருந்த புங்க மரத்திலிருந்து ஒருத்தி வந்து நின்றாள். புதுக் குடியேற்றம். அவர்களுக்கும் கூடு தைக்க வேண்டியிருந்தது. பாயில் ஓர் இலை கேட்டாள்.

காத்தாயி பாயைப் பார்த்தாள். தங்கள் நாவல் இலையைப் பார்த்தாள். பழைய நாட்கள் நினைவுக்கு வந்தன. அப்போது கூட்டம் எவ்வளவு சின்னது, எவ்வளவு நெருக்கம். அவள் வாயிலிருந்து தானாகவே வந்துவிட்டது: "அவசரப்படாதே தாயி..."

புங்க மரத்தாள் தலை குனிந்தாள். "சரி பெரியம்மா. அந்தப் பழைய கதையையாவது ஒரு தடவை சொல்றீங்களா?" என்றாள்.

காத்தாயி வாயை மூடிக்கொண்டாள். பிறகு சிரித்துவிட்டாள். சிரிப்போடு கண்ணீரும் வந்தது.

"கதை அப்புறம் கேக்கலாம்" என்று சொல்லி, அவள் பாயில் நகர்ந்து உட்கார்ந்தாள். "முதல்ல உங்க இலையைக் கொண்டு வா."

நாம் போராடிப் பெற்ற உரிமையை, நமக்குப் பின்னால் வந்து கேட்பவருக்கும் குறைவில்லாமல் கொடுக்க வேண்டும்.