தண்ணீர் ஊற்றிய வரிசை

புல்லு வாத்தியாருக்குக் கோபம் வந்தால் பேச்சு நின்றுவிடும். அன்றைக்கு நிற்கவில்லை. அவ்வளவு கோபம்.

தாராபுரத்துப் பக்கம் ஒரு மானாவாரிக் காட்டில் அவர் கொழுக்கட்டைப் புல் என்கிற மாட்டுத் தீவனப் புல்லை வளர்த்தார். அவர் முறையைப் பார்த்தால் யாருக்கும் வயிறு எரியும். ஊர் ஊராய்ப் போய் விதை பொறுக்கி வருவார், வரிசை வரிசையாக நடுவார். கோடை பிறந்ததும் ஒரு சொட்டுத் தண்ணீர் விடமாட்டார். காய்வது காயட்டும். அந்த வெயிலிலும் சாகாமல் நின்று, தழையும் நிறையத் தள்ளுகிற தூரில்தான் விதை எடுப்பார். அதைத்தான் மாடு வைத்திருப்பவர்களுக்குக் கொடுப்பார்.

அன்று காலையில், அவரிடம் விதை வாங்கிப் போயிருந்த மாராத்தாள் வந்தாள். ஒரு கையில் பசுவின் கயிறு, இன்னொரு கையில் கருகிய புல்தூர். தூரை அவர் காலடியில் விட்டெறிந்தாள்.

"நல்லா இருப்பீங்களா வாத்தியாரே? உங்க விதையை நம்பி, இருந்த பழைய புல்லையும் உழுது போட்டனுங்க. மழை நின்னு ஒரு மாசந் தாங்கலை. காடே பொட்டலாப் போச்சு. இது வயித்தைப் பாருங்க!"

பசுவுக்கு விலா எலும்பு துருத்திக்கொண்டிருந்தது.

"எந்த வரிசை விதை அது?" என்று வாத்தியார் திரும்பினார்.

சீடன் நாச்சிமுத்து தலை குனிந்தான். கல்லூரி வேலையை உதறிவிட்டு அவரிடம் வந்து சேர்ந்த நாற்பது வயது ஆள்.

"என் வரிசைதானுங்க ஐயா."

"அது போன கோடையிலே பச்சைப்பசேல்னு நின்னுச்சே!"

"தண்ணி ஊத்தினனுங்க. நீங்க ஊர்ல இல்லாதப்ப."

"அடப்பாவி! அதை ஏண்டா எங்கிட்ட மறைச்சே? அந்தப் பச்சையை நம்பி இந்தம்மா கையிலே குடுத்தனேடா!"

நாச்சிமுத்துவுக்கும் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது.

"உங்களுக்குக் கல்லு மனசுங்க. நான் என் கையால நட்டது. கண்ணெதிர்ல சாகுது. எப்படிங்க பாத்துக்கிட்டு நிக்கறது? ஒரு உசுரு மேல இரக்கப்படறதும் குத்தமுங்களா?"

வாத்தியார் அரிவாளை எடுத்துக்கொண்டு காட்டுக்குள் போனார். இந்தக் கோடையில் தப்பி நின்றது ஒரே ஒரு வரிசைதான். கதிர் விட்டிருந்தது, விதை இன்னும் முற்றவில்லை. அதை அடியோடு அறுக்க ஆரம்பித்தார்.

"ஐயா! விதைக்கு விட்டதுங்க!" நாச்சிமுத்து ஓடிப்போய் குறுக்கே விழுந்தான். "இதுவும் போனா அடுத்த மழைக்குப் போட ஒண்ணுமே இருக்காதுங்க. இத்தனை வருசப் பாடுங்க!"

வாத்தியார் அறுத்த கட்டைப் பசுவின் முன்னால் வீசினார். அது குனிந்து தின்னத் தொடங்கியது.

"இத்தனை தூரை நான் எதுக்குடா சாக விட்டேன்? இந்த மாடு சாகக் கூடாதுன்னுதானே? தள்ளி நில்லு."