குருசாமியும் முப்பத்தேழு பேரும்

இந்தக் கதையை நான் நேரில் பார்க்கவில்லை. என்னோடு வேலை பார்க்கும் சிவகாமசுந்தரி, தன் பெரியப்பா சொன்னதாகச் சொன்னாள். பெரியப்பா எதையும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார் என்று அவளே எச்சரித்தாள். ஆகவே நான் குறைத்து எழுதுகிறேன்.

பழனிக்கு நடந்துபோகும் வழியில் ஓர் அன்னசத்திரம். நடத்துகிறவர் உமையாள். வயது முப்பத்து நாலு. ஞானம் கேட்டு வருகிறவர்களுக்கு முதலில் காய் நறுக்கக் கொடுப்பார். பாதிப் பேர் அதோடு திரும்பிவிடுவார்கள்.

திரும்பாதவர் வைத்திலிங்கம். அறுபது வயது. முப்பது வருடம் கம்ப்யூட்டர் உத்தியோகம் பார்த்துவிட்டு அமைதி தேடி வந்தவர். அவரிடம் சத்திரத்தின் முன்பதிவைக் கொடுத்தார்கள்.

அவர் அதற்கு ஓர் ஏஐ ஏஜென்ட்டை வைத்தார். யாத்திரைக் குழுக்கள் வாட்ஸப்பில் செய்தி அனுப்பும். அது பதிவு செய்யும், மாற்றும், நீக்கும். ஒவ்வொரு வேலைக்கும் நிரலில் ஒரு கருவி. ஒவ்வொரு கருவிக்கும் வைத்திலிங்கம் எழுதிய ஒரு குறிப்பு. குறிப்பைப் படித்துவிட்டுத்தான் அது கருவியை எடுக்கும்.

தைப்பூசத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது, ஒரு காலையில், அவர் உமையாள் முன் வந்து நின்றார்.

"அம்மா, நான் வச்ச எந்திரம் ஒரு முட்டாள்."

உமையாள் பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். "என்ன பண்ணுச்சு?"

நடந்தது இது.

குழு வந்தால், வழக்கப்படி, எல்லாரும் குழுத்தலைவரான குருசாமியின் பெயரில்தான் பதிவாவார்கள். மேலே அவர் பெயர், கீழே மற்றவர்கள். ஒரு குருசாமிக்கு வழியில் கால் பிசகிவிட்டது. அவர் மட்டும் ஊருக்குத் திரும்பினார். 'குருசாமி வரலை, அவர் பேரை எடுத்துடுங்க' என்று செய்தி வந்தது.

ஏஜென்ட் எடுத்தது. கீழே இருந்த முப்பத்தேழு பேரும் கூடவே போனார்கள்.

ஆறு நாள் நடந்து வந்தவர்கள் வாசலில் நின்று கேட்டபோது அது வாட்ஸப்பில் சொன்ன பதில்: 'உங்கள் பெயரில் பதிவு ஏதும் இல்லை. பயணம் இனிதாகட்டும்.'

"சோறு போட்டாச்சு," என்றார் வைத்திலிங்கம். "ஆனா அவங்க கூடத்தை அது வேற குழுவுக்குக் கொடுத்துட்டுது. முப்பத்தேழு பேரும் மாட்டுக்கொட்டகையில படுத்தாங்க. நாளைக்கு ஆயிரத்து இருநூறு பேர் வர்றாங்கம்மா. மறுபடி இப்படி ஆச்சுன்னா ரோட்டுலதான் படுக்கணும்."

"குறிப்புல என்ன எழுதியிருந்தீங்க, ஐயா?"

"'பதிவை நீக்கும்'னு."

"அவ்வளவுதானா?"

"அதுக்கு மேல என்ன இருக்கு? ஒருத்தர் வரலைன்னா ஒருத்தரைத்தான் எடுக்கணும். சின்னப் பிள்ளைக்கும் தெரியும்."

உமையாள் பாதிப் பூசணிக்காயை அவர் பக்கம் தள்ளினார்.

மதியம் பந்தி நடந்தது. அங்கே நீளமான பந்திப்பாய்கள். ஒரு பாயில் பன்னிரண்டு பேர் உட்காரலாம். ஒரு வரிசையில் முதல் ஆள் சீக்கிரம் எழுந்துவிட்டார். அவர் இடத்தில் ரசம் கொட்டியிருந்தது.

"ஐயா, அந்தப் பாயை அலசணும்," என்றார் உமையாள். "நம்ம ஏட்டையாவுக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுங்க."

ஏட்டையா என்பவர் முத்தரசு. போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். சத்திரத்துக்குச் சேவை செய்ய முந்தின நாள்தான் வந்திருந்தார். எழுத்தில் வந்தால் செய்வார். வாயால் சொன்னால் 'எழுதிக் கொடுங்க' என்பார்.

வைத்திலிங்கம் எழுதினார்: 'முதல் ஆள் உட்கார்ந்த பாயை எடுக்கவும்.'

ஏட்டையா இரண்டு முறை படித்தார். சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். பாயின் நுனியைப் பிடித்துச் சுருட்ட ஆரம்பித்தார்.

இரண்டாவது ஆள் இலையோடு எழுந்தார்.

மூன்றாவது ஆள் இலையை விட்டுவிட்டு எழுந்தார்.

நாலாவது ஆள் கனத்த உடம்புக்காரர். அவர் எழவில்லை. ஏட்டையா அவரையும் சேர்த்துச் சுருட்டப் பார்த்தார்.

வைத்திலிங்கம் ஓடினார். "யோவ், என்னய்யா பண்றே?"

"பாயை எடுக்கிறேன்."

"ஆள் உட்கார்ந்து சாப்பிடறது கண்ணுக்குத் தெரியலையா?"

"தெரியுது. சீட்டுல அவங்களைப் பத்தி ஒண்ணும் இல்லை."

"சந்தேகம் வந்தா கேக்க வேண்டியதுதானே?"

"யாரைக் கேக்கணும்னும் இல்லை."

வைத்திலிங்கம் உமையாளைத் திரும்பிப் பார்த்தார். உமையாள் நாலாவது ஆளுக்கு இன்னொரு அப்பளம் வைத்துக்கொண்டிருந்தார்.

வைத்திலிங்கம் உடனே போய் நீக்கும் கருவியின் குறிப்பைத் திருத்தினார். 'ஆபத்து. எச்சரிக்கை. மிகமிகக் கவனம். இதனால் பேரிழப்பு நேரலாம்.' இப்படி ஒன்பது வரி. ஏஜென்ட்டுக்குக் கொடுத்தார். உமையாளிடமும் காட்டினார்.

"ஏட்டையாகிட்டயும் காட்டிடுங்க," என்றார் உமையாள்.

ஏட்டையா படித்தார். "இது எதைப் பத்தி?"

"பாயைப் பத்தின்னு வச்சுக்குங்க."

"சரி."

மூன்றாம் பந்திக்கு எண்பது பேர் வெறுந்தரையில் உட்கார்ந்தார்கள். பாய்கள் மூலையில் அப்படியே இருந்தன. முன்னால் ஏட்டையா காவல் நின்றார். யாரையும் தொடவிடவில்லை.

ஏஜென்ட்டும் காவல்தான் நின்றது. நாலு குழுக்கள் வரவில்லை என்று செய்தி அனுப்பியிருந்தன. நாலுக்கும் ஒரே பதில்: 'இது ஆபத்தான செயல். மன்னிக்கவும்.' வராத இருநூறு பேருக்காக இரண்டு கூடங்கள் பூட்டிக் கிடந்தன.

வைத்திலிங்கத்துக்கு அழுகை வரும்போல் இருந்தது.

"அம்மா, முதல்ல எல்லாத்தையும் செஞ்சுது. இப்ப எதையும் செய்ய மாட்டேங்குது. என்னதான் எழுதணும்? நீங்களே சொல்லிடுங்க."

"எனக்குப் பாய் சுருட்டிப் பழக்கம் இல்லையே, ஐயா."

அவர் பேனாவை எடுத்துக்கொண்டு மூலைக்குப் போனார். பாய்க் கட்டின் மேல் உட்கார்ந்தார்.

"ஏட்டையா, ஒரு பாயை எடுக்கச் சொன்னா, எடுக்கிறதுக்கு முன்னாடி உங்களுக்கு என்னென்ன தெரியணும்?"

ஏட்டையா அவரை ஏற இறங்கப் பார்த்தார். முப்பத்திரண்டு வருட சர்வீஸில் அவரிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லையாம்.

"முதல்ல நீங்க அதை விட்டு எழுந்திருங்க," என்றார். "அப்புறம் இந்த 'ஆபத்து'ங்கிறதை எல்லாம் அடிச்சிடுங்க. எடுத்தா என்ன ஆகும்னு எழுதுங்க, போதும். பயத்தை நானே பட்டுக்கிறேன்."

வைத்திலிங்கம் எழுந்தார். ஒன்பது வரியையும் அடித்தார்.

இருவரும் விளக்கு வைக்கும் வரை பேசிக்கொண்டிருந்தார்கள். பிறகு வைத்திலிங்கம் புதுக் குறிப்பு எழுதி ஏஜென்ட்டுக்குக் கொடுத்தார்.

சிவகாமசுந்தரி இதோடு நிறுத்திவிட்டாள். எனக்கு மனம் கேட்கவில்லை. சத்திரத்துக்குப் போன் செய்தேன். வைத்திலிங்கமே எடுத்தார், அடுத்த நாள் ஏஜென்ட் செய்த வேலைகளின் பதிவேட்டைப் படம் எடுத்து அனுப்பினார். ஆயிரத்து இருநூறு பேருக்கும் கூரை கிடைத்திருக்கிறது. நீக்கும் கருவியை அது ஒன்பது முறை எடுத்திருக்கிறது, ஒன்பதும் சரி. பத்தாவது முறை எடுக்கவில்லை. கேட்டிருக்கிறது: 'இந்தப் பெயரை நீக்கினால் கீழே உள்ள நாற்பத்து நான்கு பேரும் போவார்கள். அவர்கள் வந்து சேர்ந்து இரண்டு மணி நேரம் ஆகிறது. திரும்பச் சேர்க்க முடியாது. நீக்கட்டுமா?'

அந்தப் பெயரை நீக்கச் சொல்லியிருந்தவர் வைத்திலிங்கமேதான்.